குறைந்த செலவில் வெப்பமண்டலத் தீவுகள்: 14 நாளில் 5 தீவு சாத்தியமா?

#1 அலையடி

வணக்கம். இரண்டு பேர், 14 நாள், ஆளுக்கு ஒரு முதுகுப்பை. மாலத்தீவு, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றில் ஒன்று. எது என்று இன்னும் முடிவாகவில்லை. ஐந்து தீவு பார்க்க வேண்டும் என்று ஆசை. ரிசார்ட் வேண்டாம், விசிறி அறை போதும். ஸ்நார்க்கல் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு நீர்மட்டத்தில் நீந்துவது) கட்டாயம் உண்டு, முடிந்தால் காற்றுக்கலனோடு முங்கும் டைவ் ஓரிரண்டு. இதுவரை அறை வாடகையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம். அதில் எது விட்டுப்போயிருக்கிறது? எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது?

#2 பாய்மரம்

விட்டுப்போனது படகு.

ஐந்து தீவு என்றால் கரையிலிருந்து முதல் தீவு, நடுவில் நான்கு தாவல், கடைசியில் கரைக்குத் திரும்புவது என்று ஆறு முறை படகேற வேண்டும். ஒவ்வொரு முறையும் டிக்கெட் மட்டும் செலவில்லை. அறையிலிருந்து படகுத்துறைக்கு வண்டி, துறைமுகக் கட்டணம், இறங்கியதும் மறுபடி வண்டி, சில தீவுகளில் நுழைவு அல்லது சுற்றுச்சூழல் கட்டணம். பல இடங்களில் ஒரு விரைவுப் படகு டிக்கெட், இரண்டு மூன்று இரவு விசிறி அறை வாடகைக்குச் சமம். பெட்டி கட்டி, அறையைக் காலிசெய்து, காத்திருந்து, போய் இறங்கி, அறை பிடித்து முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஆறு அரை நாள் என்றால் 14-ல் மூன்று நாள் படகுத்துறையிலேயே கழியும்.

இன்னொன்று, ஓரிரவு தங்குபவருக்கு யாரும் வாடகை குறைக்க மாட்டார்கள். ஐந்தாறு இரவு என்றால் கேட்கலாம், பெரும்பாலும் குறைப்பார்கள்.

14 நாளுக்கு இரண்டு தீவு, மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் போனால் செலவுதான் கூடும், கடலில் இருக்கும் நேரம் குறையும்.

#3 நெடுவழி

பாய்மரம் சொன்னது சரி. ஆனால் எல்லாத் தாவலையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். கொத்தாக இருக்கும் தீவுகளின் கணக்கு வேறு. லொம்போக்கின் வடமேற்கில் கிலி ட்ரவாங்கன், கிலி மேனோ, கிலி ஆயர் மூன்றும் ஒரே வரிசையில் கிடக்கின்றன. மோட்டார் வாகனமே கிடையாது, எந்தத் தீவையும் சில மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். ஒன்றில் அறை வைத்துக்கொண்டு மற்றதைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இதற்குத் தனித் தாவல் கணக்குத் தேவையில்லை.

அங்கே போவதற்கு இரண்டு வழி. பாலியிலிருந்து நேராக விரைவுப் படகு. அல்லது பாதாங் பாய் துறையிலிருந்து வாகனங்கள் ஏற்றும் பெரிய ஃபெர்ரியில் லெம்பார். இது இரவும் பகலும் ஓடும், நான்கைந்து மணி நேரம் ஆகும். அங்கிருந்து சாலை வழியாக பங்சால் துறை, பிறகு பொதுப் படகு. பொதுப் படகுக்கு மணி கிடையாது, ஆள் சேர்ந்ததும் கிளம்பும். அதனால் முற்பகலுக்குள் பங்சாலில் நிற்பது நல்லது. மாலையில் போய்ச் சேர்ந்தால் பொதுப் படகு நின்றிருக்கும், தனிப்படகு பிடிக்க வேண்டிவரும். லெம்பார் வழியில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு படகில் போய்விடும்.

பெல்னி கப்பலில் (இந்தோனேசிய அரசின் பயணிகள் கப்பல்) தீவு தாவலாம் என்று யாராவது யோசனை சொன்னால், 14 நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது. பல தடங்களில் ஒரே துறைமுகத்துக்கு அடுத்த கப்பல் வர இரண்டு வாரம் ஆகும்.

#4 மழைக்கணக்கு

இடம் முடிவாகும் முன் மாதம் முடிவாகட்டும். மாதத்துக்கு ஏற்ற இடம் எப்போதும் கிடைக்கும். இடத்தைப் பிடித்துக்கொண்டு மாதத்தை வளைக்க முடியாது.

தாய்லாந்தில் இரண்டு கடல், இரண்டு மழை. அந்தமான் கடல் பக்கம் புக்கெட், கோ லந்தா, கோ லிப்பே. இங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும். சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே விடுகிறார்கள். வளைகுடாப் பக்கம் சமுய், பங்கான், தாவ். இங்கே கனமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நவம்பரில் உச்சம். ஆக ஜூலையில் விடுமுறை கிடைப்பவர் வளைகுடாவுக்குப் போகலாம், நவம்பர் கடைசியில் கிடைப்பவர் அந்தமான் பக்கம் போகலாம்.

மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள் (பெர்ஹெந்தியன், தியோமான்) ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவத்தில் அடங்கிவிடும். பெர்ஹெந்தியனில் விடுதிகள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். பாலி, லொம்போக் பக்கம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆனால் அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் தெற்கே தள்ளி இருப்பதால் பெரும்பாலான புயல்களின் பாதையில் வருவதில்லை.

புயலைப் பற்றி ஒரு அடிப்படை. நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. காற்றைச் சுழலவைக்கும் புவிச்சுழற்சி விசை அங்கே மிகக் குறைவு. அதனால் பருவம் தவறிப் போனாலும் அங்கே மழை நனைக்கும், கடல் கலங்கும், புயல் வருவது அபூர்வம். பிலிப்பைன்ஸ் அப்படியல்ல. அங்கே ஆண்டின் எந்த மாதமும் புயல் வரலாம், ஜூலை முதல் அக்டோபர் வரை அதிகம். சியர்காவ் தீவைச் சிதைத்த ராய் புயல் 2021 டிசம்பர் 16 அன்று கரையேறியது, பருவம் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்திருந்த நேரத்தில்.

#5 அலையடி

பருவம் மாறும் மாதங்களில் போனால் வாடகை குறையும் என்கிறார்களே? அந்த நேரத்தில் படகு நின்றுபோனால் என்ன செய்வது?

#6 மழைக்கணக்கு

வாடகை குறைவது உண்மை. நல்ல பருவம் முடியும் மாதத்தைவிட அது தொடங்கும் மாதத்தில் கவனம் அதிகம் வேண்டும். பருவமழை ஓய்ந்த முதல் சில வாரங்களில் மழை நின்றிருக்கும், ஆனால் ஆற்றுநீரும் கலங்கலும் தெளிந்திருக்காது. கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிதில்லை. ஸ்நார்க்கலுக்காகப் போகிறவருக்கு அதுதான் எல்லாம். உங்கள் விஷயத்தில் நல்ல பருவத்தின் பின்பாதியே சரி.

#7 பாய்மரம்

படகு நிற்பது பற்றி. இதில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது.

நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவைத் தீவில் கழிக்காதீர்கள். விமான நிலையம் இருக்கும் கரையில் கழியுங்கள். கடைசித் தாவலில் இரண்டு படகு மாற வேண்டுமென்றால் இரண்டு இரவு. படகும் விமானமும் தனித்தனி டிக்கெட். படகு நின்றதற்காக விமான நிறுவனம் பணம் திருப்பித் தராது. பிலிப்பைன்ஸில் புயல் எச்சரிக்கை எண் 1 ஏற்றினாலே கடலோரக் காவல்படை சிறுபடகுகளை நிறுத்திவிடும். வானம் நீலமாக இருந்தாலும் விடமாட்டார்கள், அது நல்லதுக்குத்தான்.

நாளின் முதல் படகைப் பிடியுங்கள். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். பிற்பகலில் அலை எழும். காலை 8 மணிக்கு எண்ணெய்போல் கிடக்கும் அதே நீரிணை 3 மணிக்குப் படகைத் தூக்கிப் போடும். முதல் படகு நின்றுபோனால் அடுத்ததற்கு வாய்ப்பு உண்டு. கடைசிப் படகு நின்றால் அன்றைய நாள் முடிந்தது.

ஸ்பீட்போட்டில் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம் காற்றாட இருக்கும், எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஆனால் படகு அலைமேல் ஏறி விழும்போது முழு அடியும் முன்பக்கத்தில்தான் விழும். இப்படி முதுகெலும்பு நசுங்கி முறிந்தவர்கள் உண்டு. முன்னால்தான் இடம் என்றால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். வாந்தி மாத்திரையைத் தலைசுற்றல் வந்தபின் போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். உயிர்காப்புச் சட்டை இருக்கை அடியில் இருக்கிறதா, வார்ப்பூட்டு பூட்டுகிறதா என்று கிளம்பும் முன் கைவைத்துப் பாருங்கள்.

போகவர டிக்கெட் எடுத்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் நாள் குறிக்காத டிக்கெட் என்றால் முந்தின நாளே சொல்லி இடம் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். சொல்லாமல் துறையில் போய் நின்றால் "இடமில்லை, மறுநாள் வாருங்கள்" என்பார்கள்.

#8 குறுக்குத்துறை

பைகள் நனைவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சிறு தீவுகளில் படகு கரையில் கட்டாது. முழங்கால் நீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும், பை தலைமேல். படகு ஓடும்போது மேல்தட்டில் குவித்த பைகள்மேல் உப்புநீர் தெறித்துக்கொண்டே வரும்.

முழுப் பைக்கும் டிரை பேக் (நீர் புகாத பை) வேண்டாம். 10 லிட்டர் டிரை பேக் ஒன்றில் பாஸ்போர்ட், பணம், ஃபோன், மருந்து. முதுகுப்பைக்குள் கனமான குப்பைப் பை ஒன்றை உறையாக விரித்து அதற்குள் துணி. டிரை பேக்கை விளிம்புவரை நிரப்பினால் மூடவே முடியாது. முக்கால் பங்குக்குமேல் நிரப்பாதீர்கள். உள்காற்றைக் கையால் அமுக்கி வெளியேற்றுங்கள். வாயின் இரு பட்டைகளையும் சுருக்கமில்லாமல் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கமாக மூன்று நான்கு சுற்று உருட்டிப் பூட்டுங்கள். பட்டையின் நடுவில் ஒரு மணல் துணுக்கோ மடிப்போ இருந்தால் அந்த வழியாக நீர் கசியும். மூடியபின் பையை அழுத்திக் காதருகே பிடித்தால் காற்றுப் போகிற சத்தம் கேட்கும். கேட்டால் திறந்து மறுபடி உருட்டுங்கள். இது தெறிப்புக்கும் சிறிது நேரம் மிதப்பதற்கும்தான், கட்டிக்கொண்டு முங்க முடியாது.

#9 ஓதநீர்

ஸ்நார்க்கலுக்குப் போகிறவர்கள் அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் கடலின் ஏற்றவற்றத்தைப் பாருங்கள். படத்தில் நீலமாகத் தெரியும் கரை, வற்றத்தின்போது ஒரு கிலோமீட்டர் வரை நீரில்லாமல் கிடக்கலாம். தான்சானியாவைச் சேர்ந்த சன்சிபாரின் கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி அப்படித்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டர் வரை வித்தியாசம் வரும். வடமுனையில் நுங்வி, கெந்த்வா கரைகளில் எந்நேரமும் குளிக்கலாம். கிழக்கில் வாடகை மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நேரம் பார்த்துக் குளிக்கத் தெரிந்தால் அந்த மலிவு உங்களுக்கு லாபம்.

கணக்கு எளிது. பெரும்பாலான இடங்களில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம். ஆக நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 10 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை 10.50. ஆறு மணி நேரத்தில் நீர் ஒரே சீராக இறங்காது. மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு. 3.6 மீட்டர் வித்தியாசம் என்றால் முதல் மணியில் 30 சென்டிமீட்டர்தான் இறங்கும், மூன்றாவது நான்காவது மணியில் 90, 90. அந்த நடு இரண்டு மணி நேரத்தில்தான் நீரோட்டமும் பலம். பவளத்திட்டின் வாய்க்கால் பக்கம் அப்போது போகவே கூடாது. வற்றம் இறங்கும்போது உள்ளே தேங்கிய நீர் முழுக்க அந்த வாய் வழியாகத்தான் வெளிக்கடலுக்குப் பாயும்.

நல்ல நேரம், ஏற்றத்தின் கடைசி ஒரு மணியும் அதன்பின் நீர் நிற்கிற சிறு பொழுதும். வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும், ஓட்டம் தளர்ந்திருக்கும், வயிறு பவளத்தில் உரசாது.

தாய்லாந்து வளைகுடாவிலும் பங்கானின் தென்கரை (பான் தாய் பக்கம்) ஆழமற்றது, வற்றத்தில் நீச்சலே முடியாது. மலேசியாவின் மெர்சிங் துறையில் தியோமான் ஃபெர்ரியின் நேரமே ஏற்றவற்றத்தைப் பொறுத்துத்தான், நாளுக்கு நாள் மாறும். ஆற்றுமுகத்தில் ஆழம் போதாது. நேற்று போனவர் சொன்ன மணியை நம்பி இன்று போகாதீர்கள்.

#10 அலையடி

இவ்வளவு விஷயம் இதில் இருக்கிறது என்று தெரியாது. மிக்க நன்றி. ஸ்நார்க்கல் சாமான் வாங்கிக்கொண்டு போகவா, அங்கே வாடகைக்கு எடுக்கவா?

#11 ஓதநீர்

மாஸ்க்கும் குழாயும் வாங்குங்கள், துடுப்புக் காலணி வாடகைக்கு எடுங்கள். துடுப்பு கனம், பையில் அடங்காது. ஆனால் வாடகை மாஸ்க் முகத்துக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாக எடுத்தாலும் வீண்.

வார் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வையுங்கள், முடியை ஒதுக்குங்கள், மூக்கால் இலேசாக மூச்சை உள்ளிழுத்து நிறுத்துங்கள், கையை எடுங்கள். விழாமல் நின்றால் அது உங்களுடையது. ஒரு மூச்சுக்குள் நழுவினால் எந்த விலையிலும் வேண்டாம். வாரை இறுக்கிக் கசிவை நிறுத்தலாம் என்று நினைப்பார்கள். இறுக்க இறுக்க விளிம்பு மடங்கிக் கசிவு கூடத்தான் செய்யும். மீசையின் மேல்விளிம்பும் கசிவுக்கு வழி. புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும், உள்பக்கம் பற்பசை வைத்து விரலால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினால்தான் ஆவி படியாமல் இருக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் உமிழ்நீர் தடவி ஒரு அலசு போதும்.

#12 நெடுவழி

அறை விஷயம். முதல் இரண்டு இரவு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். மீதியை நேரில் நடந்து பார்த்துப் பிடியுங்கள். பண்டிகை, பள்ளி விடுமுறை, முழுநிலவு விருந்து நாள்களில் இது செல்லாது. பங்கானில் பௌர்ணமியை ஒட்டிய ஐந்தாறு நாள் ஹாட் ரின் பக்கம் வாடகையும் ஏறும், குறைந்தபட்ச இரவு எண்ணிக்கையும் கேட்பார்கள். நாள்காட்டியைப் பார்த்து அந்த வாரத்தில் பக்கத்துத் தீவில் இருங்கள்.

அறைக்குள் போனதும் கட்டிலைப் பார்க்கும் முன் குழாயைத் திறந்து சிறிது நீரை நாக்கில் வைத்துத் துப்புங்கள். சிறு தீவுகளில் மழைநீர் மண்ணில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். அதைத்தான் கிணறு இறைக்கிறது. விருந்தினர் கூடி அளவுக்குமேல் இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். உப்பு நீரில் சோப்பு நுரைக்காது, துணி காய்ந்தாலும் பிசுபிசுக்கும். ஒரு வாரத்துக்கு அது சிறிய விஷயமில்லை. அடுத்து ஜெனரேட்டர் எந்த மணிவரை ஓடும் என்று கேளுங்கள். நள்ளிரவில் நின்றால் விசிறியும் நிற்கும். கொசுவலையை முழுக்க விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் ஓட்டை பாருங்கள். சன்னல் இரண்டு எதிர்ப்பக்கம் இருந்தால் ஏசி தேவையே இல்லை. ஒரே பக்கம் என்றால் விசிறி சூட்டைத்தான் சுற்றும்.

குடிநீர்: ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர் வையுங்கள். இரண்டு பேருக்கு 20 லிட்டர் கேன் ஒன்று மூன்று நாளுக்கு வரும். சிறு பாட்டில்களாக வாங்குவதைவிட மிக மலிவு. பாட்டில் குப்பையை அந்தத் தீவால் எங்கும் அனுப்ப முடியாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம்: ஏடிஎம் இல்லாத தீவுகள் பல, இருக்கும் இடத்திலும் வார இறுதியில் தீர்ந்துபோகும். படகேறும் ஊரிலேயே சில்லறைத் தாள்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அதற்கு அவர்கள் போடும் மாற்று விகிதம் எப்போதும் மோசம்.

#13 சிறகன்

ஜெல்லிமீன் பட்டால் உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், பாட்டில் கையில் இருக்கட்டும்.

#14 மருந்துப்பை

சிறகன், மன்னிக்கவும், இதை அப்படியே விட முடியாது. நல்ல தண்ணீர் விட்டால் தோலில் ஒட்டியிருக்கும், இன்னும் வெடிக்காத கொட்டுப்பைகள் வெடிக்கும், நஞ்சு கூடும். தேய்க்கவும் கூடாது. பெட்டி ஜெல்லிமீன் இருக்கும் கடல்களில் வினிகரை 30 விநாடிக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். பிறகு இழைகளை இடுக்கியால் எடுக்கலாம். மூச்சுத் திணறல், மார்வலி இருந்தால் உடனே உதவி கூப்பிட வேண்டும். தாய்லாந்தின் சில கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் கட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். கல்மீன் முள் குத்தினால் வழி வேறு. தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை நீரில், 30 முதல் 90 நிமிடம் காலை வைக்க வேண்டும். சூட்டில் அந்த நஞ்சு சிதையும். வலியில் மரத்திருக்கும் காலுக்குச் சூடு தெரியாது, அதனால் குத்துப்படாத கையால் முதலில் நீரைத் தொட்டுப் பாருங்கள்.

தீவுப் பயணங்களைக் கெடுப்பது பெரும்பாலும் இவை அல்ல, பவளக் கீறல்தான். சின்னதாக இருக்கும், விட்டுவிடுவார்கள். உள்ளே பவளத் துகள் தங்கி நான்காம் நாள் சீழ் வைக்கும், அதோடு கடலில் இறங்கும் வாய்ப்பும் போய்விடும். கீறிய அன்றே குடிநீரும் சோப்பும் போட்டு, வலித்தாலும் மெல்லிய துணியால் தேய்த்துத் துகளை எடுத்து, கிருமிநாசினி தடவி, காயும்வரை கடலில் இறங்காமல் இருங்கள்.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். கொசுவலை இரவுக்குத்தான் உதவும். 20 முதல் 30 விழுக்காடு டீட் அல்லது 20 விழுக்காடு பிக்காரிடின் உள்ள கொசுவிரட்டியைக் காலையிலேயே பூசுங்கள், சன்ஸ்கிரீன் முதலில், இது மேலே. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம், டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆறு எடுத்துவையுங்கள். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய தேக்கரண்டி ஆறு சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

சன்ஸ்கிரீன் தீவில் வாங்கினால் விலை கூடுதல். உடல் முழுக்க ஒருமுறை பூச ஏறத்தாழ 30 மில்லி வேண்டும், இரண்டு மணிக்கொருமுறை என்றால் ஒரு பாட்டில் இரண்டு நாளுக்கு வராது. முழுக்கை நீச்சல்சட்டை போட்டால் முகம், கழுத்து, கால் மட்டும்தான் பாக்கி. பவளத்துக்குக் கேடு என்று சொல்லப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இல்லாததாகப் பாருங்கள். பலாவு 2020-லும், ஹவாய் 2021-லும் அவற்றைத் தடைசெய்தன. தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களிலும் 2021 முதல் தடை உண்டு.

#15 சிறகன்

திருத்தியதற்கு நன்றி மருந்துப்பை. தவறாகச் சொல்லிவிட்டேன், யாரும் #13-ஐப் பின்பற்ற வேண்டாம்.

#16 குறுக்குத்துறை

ஸ்கூட்டர் பற்றி இரண்டு வரி. சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒன்று என்று இரண்டு வகை. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து எடுங்கள். அதில் இருசக்கர வாகனத்துக்கான முத்திரை இல்லையென்றால் விபத்தில் காப்பீடு செல்லாது. பாஸ்போர்ட்டை அடகாக வைக்காதீர்கள், பணம் வையுங்கள். எடுக்கும் முன் கீறல் ஒவ்வொன்றையும் உரிமையாளர் எதிரிலேயே வீடியோ எடுங்கள். இறங்கும்போது இடப்பக்கமாகவே இறங்குங்கள். புகைக்குழாய் வலப்பக்கம், அரைக்கால் சட்டையோடு அந்தப் பக்கம் இறங்கினால் கெண்டைக்கால் வெந்துபோகும். வெந்த காலோடு கடலில் இறங்க முடியாது.

#17 பாய்மரம்

மாலத்தீவு பட்டியலில் இருப்பதால் சொல்கிறேன். ரிசார்ட் இல்லாமல் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதியில் தங்கலாம்: மாஃபுஷி, உகுல்ஹாஸ், டிகுரா, தொட்டு. மது கிடையாது, கொண்டுபோகவும் கூடாது. நீச்சலுடைக்குத் தனியாகக் குறித்த கரை உண்டு, மற்ற இடங்களில் தோள், முழங்கால் மறைய உடை. அரசு ஃபெர்ரி மலிவு. மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம், ஸ்பீட்போட்டில் அரை மணி. ஆனால் ஃபெர்ரி பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ஓடாது. வியாழன் மாலை வந்திறங்கினால் மாலேயில் இரண்டு இரவு, அல்லது ஸ்பீட்போட். இரண்டும் செலவு. விமானம் எடுக்கும்போதே ஞாயிறு, திங்களில் இறங்குமாறு எடுங்கள். வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணமில்லை. பணம் கேட்கும் தளம் போலி. திரும்பும்போதும் ஒரு படிவம் உண்டு.

சன்சிபாரைப் பற்றிப் பேச்சு வந்ததால், அங்கே 2024 அக்டோபர் 1 முதல் அவர்களுடைய காப்பீட்டையே வாங்கியாக வேண்டும். ஏற்கெனவே வேறு காப்பீடு இருந்தாலும் விடமாட்டார்கள்.

#18 அலையடி

எல்லாம் படித்துத் திட்டத்தை மாற்றிவிட்டோம். மார்ச் மாதம், தாய்லாந்து வளைகுடா. ஐந்து தீவு போய் இரண்டு. பாங்காக்கிலிருந்து இரவு ரயில், சூரத் தானி வழியாகப் பங்கான் 5 இரவு (பௌர்ணமி தவிர்த்து, வடமேற்குக் கரை), பிறகு தாவ் 6 இரவு. கடைசி நாள் காலையில் இரண்டு டைவ், மதியப் படகில் சும்போன், அன்று மாலையே விமானத்தில் பாங்காக். ஒரு இரவு அங்கே, மறுநாள் ஊருக்கு. விமானம் சலுகையில் இருக்கிறது, எடுத்துவிடவா?

#19 ஓதநீர்

எடுக்காதீர்கள். காலையில் டைவ், மாலையில் விமானம் கூடவே கூடாது. முங்கும்போது திசுக்களில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அது முடியும் முன் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் இரத்தத்திலும் மூட்டிலும் குமிழாகும். ஒரே ஒரு டைவுக்குப்பின் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்டால் 18 மணி நேரம். இது குறைந்தபட்சக் கணக்கு. சலுகை டிக்கெட்டில் மிச்சமாவதைவிடப் பல மடங்கு சிகிச்சைக்கு ஆகும். விதியை மீறிப் பறந்தவருக்குக் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம்.

டைவைத் தாவில் நான்காம் நாளுக்கு நகர்த்துங்கள். கடைசி நாளில் தாவுக்குப் பக்கத்திலுள்ள நாங் யுவான் மணல்திட்டுப் பக்கம் ஸ்நார்க்கல் போங்கள். அங்கே தனி நுழைவுக் கட்டணம், பிளாஸ்டிக் பாட்டில் அனுமதியில்லை.

#20 நெடுவழி

சும்போனிலிருந்தும் இரவு ரயிலே எடுங்கள். விமானத்தைவிட மலிவு, ஓரிரவு வாடகையும் மிச்சம். பாங்காக்கில் வைத்திருக்கும் அந்த ஓரிரவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்காகத் தாவில் ஓரிரவைக் குறையுங்கள். தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரி முதல் புதிய க்ருங் தேப் அபிவாட் நிலையத்துக்குத்தான் வருகின்றன. பழைய ஹுவா லம்போங் அருகே அறை போட்டுவிடாதீர்கள். படுக்கை எடுக்கும்போது கீழ்ப்படுக்கை. சற்றுக் கூடுதல்தான், ஆனால் அகலம் அதிகம், சன்னலும் உண்டு. மதியப் படகில் நனைந்த துணியைக் குப்பைப் பைக்குள் கட்டிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம்.